வாயில்லாச் சீவனின் வாய்

(விழா அவையில் ஆற்றிய உரை)



நாயையும் பூனையையும் நாம் வாயில்லாச் சீவன்கள் என்று இரக்கத்தோடு சொல்கிறோம். துன்பத்தை எடுத்துரைக்க வாயில்லை என்பது அதன் பொருள். ஆயினும் அவற்றுக்கு வாய் உண்டு. அவ்வாயில் பல் உண்டு. பல்லில் நோவும் உண்டு. அந்நோவைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். நான் மருத்துவம் கற்கவில்லை. என் தவறு ஒன்றே என்னை இதைப் பேசத் தூண்டுகிறது.

எங்கள் இல்லத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டுநாய் வாழ்ந்தது. அதன் ஒன்பதாம் வயதில் வலக்கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் தோன்றிற்று. வண்டு கொட்டியிருக்கும் என்றெண்ணி மஞ்சள் அரைத்துப் பூசினோம். வீக்கம் வற்றியது, மீண்டும் எழுந்தது, பின்னர் உடைந்து சீழ் வழிந்தது. கால்நடை மருத்துவரோ அதன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாயில் ஒரு பெரிய பல் பிளந்திருந்தது. மூன்று வேர்களையுடைய அப்பல்லின் வேர்நுனி கண்ணுக்குச் சற்றுக் கீழே முடிகிறது என்றும், அங்குக் கட்டிய சீழே கன்னத்தைத் துளைத்து வெளிவந்தது என்றும் விளக்கினார். பல மாதங்களாக அது ஒரு பக்கமாகவே மென்றதை நான் கண்டிருந்தேன். மாணாக்கரின் முகம் பார்த்தே அவர்தம் பசியை அறிந்த எனக்கு, வாசலில் கிடந்த உயிரின் வலி விளங்கவில்லை.

அன்று முதல் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. பூனைக்குட்டிக்கு 26, வளர்ந்த பூனைக்கு 30. ஏறத்தாழ ஆறு, ஏழு மாதங்களில் நிலைப்பற்கள் முளைத்து முடியும். முன்னே மேலும் கீழும் ஆறாறு வெட்டுப்பற்கள். அவற்றின் இருபுறமும் கோரைப்பற்கள். கோரைப்பல்லின் வேர், வெளியே தெரியும் பகுதியைவிட நீளமானது. அதன் பின்னே கடைவாய்ப்பற்கள். மேலே நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழே முதற் பின்கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள்போல் உரசி உணவை அறுக்கும். எங்கள் நாய்க்குப் பிளந்தது அந்த மேற்பல்லே. பூனையின் தாடை நம் தாடைபோல் பக்கவாட்டில் அசைந்து அரைப்பதில்லை. அதன் பற்கள் அறுப்பதற்கே அமைந்தவை.

பல்லின்மேல் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து சேர, அப்படலம் சில நாள்களிலேயே காரையாக இறுகுகிறது. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிக்கது. ஆதலின் அதற்குச் சொத்தைப்பல் அரிது; காரையோ மிகுதி. ஈறு சிவந்து வீங்கும் நிலையில் கவனித்தால் குணமாகும். ஈறுக்கடியில் நோய் இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் இழந்ததை மீட்பது அரிது. பூனைகளுக்குப் பல்லே ஈறோரத்தில் குழிந்து கரையும் நோயும் உண்டு. அது மிகுந்த வலி தருவது.

'நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும்' என்று நாம் எண்ணுகிறோம். அந்நாற்றமே நோயின் முதல் அறிவிப்பு. எச்சில் வடிதல், உணவைக் கவ்விக் கீழே போடுதல், முகத்தைக் காலால் தேய்த்தல், பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்யாது விடுதல் ஆகியனவும் அறிகுறிகளே. உண்கிறதே என்று அமைதி கொள்ளற்க. பசி வலியை வென்றுவிடும். வலியோடும் அவை உண்ணும்.

நாள்தோறும் பல் துலக்கிவிடுதலே சிறந்த காப்பு. முதலில் உதட்டைத் தொட்டுப் பழக்கி, பின் விரலில் சுற்றிய ஈரத்துணியால் தேய்த்து, பிறகு மென்மையான தூரிகைக்கு வரலாம். பற்களின் வெளிப்புறத்தைத் தேய்த்தாலே பெரும்பயன் உண்டு. நம் பற்பசை ஆகாது; சிலவற்றிலுள்ள சைலிட்டால் என்னும் இனிப்புப்பொருள் நாய்க்கு நஞ்சு. விலங்குகளுக்கான பற்பசைகள் பலவற்றில் இறைச்சிச் சுவை சேர்ப்பதுண்டு. அதை விரும்பாத நம் இல்லத்தார் வெறும் நீரில் நனைத்த தூரிகையையே பயன்படுத்தலாம். படலத்தை அகற்றுவது தேய்ப்பே. கல், எலும்பு போன்ற கடும்பொருள்களைக் கடிக்க விட்டால் பல் பிளக்கும். இறுகிய காரையை வீட்டில் சுரண்டுதல் கூடாது. ஈறுக்கடியிலும் தூய்மை செய்ய வேண்டியிருத்தலால், மயக்கமருந்து கொடுத்து மருத்துவரே செய்ய வேண்டும். தெருநாய்களின் வாயில் எவரும் கைவைக்க வேண்டா. வெறிநோய் அச்சம் உண்டு.

பிளந்த பல்லை அகற்றிய சில வாரங்களில் எங்கள் நாய் இருபுறமும் மென்று உண்டது. பின்னும் மூன்றாண்டுகள் வாழ்ந்தது. அதை நான் ஒருநாளும் அடித்ததில்லை. தீங்கு செய்யாதிருந்தேன் என்றே நிறைவு கொண்டிருந்தேன். ஆனால் அருகிலிருந்த துன்பத்தைக் காணாதிருந்தேன். உயிர்க்கு ஊறு செய்யாமை நம் அறம் எனின், அதன் ஊற்றை அறிந்து நீக்குதலும் அவ்வறத்தின் பகுதியே. இன்று இல்லம் சென்றதும், உங்களை நம்பி வாழும் உயிரின் மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பாருங்கள். சொல்ல இயலாததை அது அங்கே காட்டும்.