கூலர் வாங்குறதுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க

நம்ம நெல்லையில கத்திரி வெயிலும் வைகாசி முகூர்த்தமும் ஒண்ணாத்தான் வரும். பாளையங்கோட்டையில மொட்டை மாடி ரூம்ல உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் பண்ற தம்பிங்களுக்கு அப்பத்தான் வேலை அதிகம். ப்ராசஸர் சூடேறி, தானாவே வேகத்தைக் குறைச்சுக்கிறதும் அப்பத்தான். உடனே வர்ற யோசனை, கூட வந்த கூலரைக் கழட்டிட்டு ஒரு பெரிய டவர் கூலர் மாட்டிரலாம்.

மாட்டலாம். ஆனா பெட்டியைப் பிரிச்சா திருகு, ஸ்பேசர், பிராக்கெட்னு ஒரு குவியல் இருக்கும். அதுல பாதி உங்க போர்டுக்கானதே இல்ல. இன்டெல் 2021-ல எல்ஜிஏ 1700 சாக்கெட் கொண்டுவந்தப்போ, திருகு ஓட்டைகளுக்கு நடுவுல இருந்த தூரம் 75 மில்லிமீட்டர்லேருந்து 78 ஆச்சு. மூணு மில்லிமீட்டர்தான், ஆனா பழைய பிராக்கெட் சேராது.

ஏஎம்டி ஏஎம்4-ல வேற தலைவலி. முன்பக்கத் திருகைக் கழட்டினதும் பின்பக்கத் தகடு பொத்துன்னு விழுந்துரும், ஒரு கை பின்னாடி பிடிச்சிருக்கணும். பழைய பேஸ்ட் இறுகியிருந்தா, கூலரை இழுக்கும்போது ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வரும், பின் வளைஞ்சிரும். அதனால சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு, கூலரை இடம் வலமா லேசா திருகி அப்புறம் தூக்குங்க.

புதுசு மாட்டும்போது அடியில ஒட்டியிருக்க பிளாஸ்டிக்கை உரிச்சிருங்க. திருகுகளை எதிரெதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரு பக்கம் மட்டும் முழுசா இறுக்கினா அழுத்தம் சமமா விழாது.

இவ்வளவும் சரியா செஞ்ச பிறகும் சிலர் சலிச்சுக்குவாங்க: "ரிவ்யூல 70 டிகிரின்னு சொன்னான், எனக்கு 83 காட்டுது!" கூலர் மேல தப்பில்ல. சித்திரையில கொக்கிரகுளத்து ஆத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருந்தா, எவ்வளவு நேரம் முங்கினாலும் அந்தத் தண்ணியை விடக் குளிர முடியுமா? ஏர் கூலரும் அப்படித்தான். ரூம்ல இருக்க காத்தை விடக் கீழ அதால கொண்டுபோக முடியாது. 25 டிகிரி ரூம்ல 70 காட்டினது, 38 டிகிரி ரூம்ல கிட்டத்தட்ட 83 காட்டும்.

அதனால காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, சாக்கெட் பேரு. ரெண்டு, உங்க கேபினெட் எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலரைத் தாங்கும்னு. மூணு, மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க ரூம் எவ்வளவு சூடு. கேபினெட்டைச் சுவத்துலேருந்து தள்ளி வைங்க, பின்னாடி காத்தை வெளிய தள்ள ஒரு ஃபேன் போடுங்க, பெரிய ரெண்டரை விடியக்காலையில ஓடவிடுங்க. அதுக்கப்புறமும் வேகம் குறைஞ்சா, தாராளமா கூலர் வாங்குங்க.

உங்க ரூம்ல எத்தனை டிகிரின்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.