வாரிசுச் சான்றிதழில் ஒளிந்திருக்கும் சாதி

(காட்பாடியில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி மறுப்புத் திருமணத்துக்கு ஆபத்து என்றாலே நமக்கு அரிவாள்தான் நினைவுக்கு வருகிறது. அரிவாள் எடுக்காமலும் சாதி அந்தத் திருமணத்தை அழிக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் ஆய்வுக்காக ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிப் பெண்களிடம் பேசி வருகிறேன். அவர்களில் ஒரு அக்கா, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கூட வேலை செய்த வேறு சாதிக்காரரை நண்பர்கள் முன்னால் மாலை மாற்றி மணந்தார். பதிவு செய்வதை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டார்கள். மகனுக்கு நான்கு வயதில் கணவர் விபத்தில் இறந்துபோனார். அவர் விட்டுப்போனது அவர் பெயரில் இரண்டு சென்ட் மனை, அதில் ஒரு சிமெண்ட் ஷீட் வீடு, கொஞ்சம் பி.எஃப். பணம்.

பேரன் பிறந்தபோது எட்டிப் பார்க்காத மாமனார், காரியம் முடிந்த கையோடு மனு எழுதினார்: "என் மகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை." தகராறு என்று வந்துவிட்டால் தாசில்தார் வாரிசுச் சான்று தரமாட்டார், கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அப்படித்தான் சொன்னார்கள். அதற்குள் வீட்டுக்கு வேறு பூட்டு விழுந்தது. "பையன் இந்தத் தெருப் பக்கம் வந்தால் நடப்பதே வேறு" என்று ஆள் அனுப்பினார்கள். யோசித்துப் பாருங்கள், ஐந்து வயது கூட ஆகாத குழந்தை. அவன் இருக்கிறான் என்பதுதான் அவர்களுக்குச் சிக்கல். அக்கா இப்போது வாடகை அறையில் இருக்கிறார். பையனைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டு, கதவைத் தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கம்பெனி வண்டி ஏறுகிறார்.

இது புதிய கதை இல்லை, தோழர்களே. 1934இல் சிதம்பரம், ரங்கம்மாள் இருவரும் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார்கள். பிறகு குடும்பச் சொத்துத் தகராறு நீதிமன்றத்துக்கு வந்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்குகள் இல்லாததால் அந்தத் திருமணமே செல்லாது என்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ரங்கம்மாள் மனைவி இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் இல்லை என்றாகிவிட்டது. புரோகிதர் வராததற்கான தண்டனையைக் குழந்தைகள் அனுபவித்தார்கள்.

அந்த அநீதியைத் துடைக்கத்தான் 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலே திருமணம் செல்லும். அதற்கு முன் நடந்தவையும் செல்லும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் சொல்லிவிட்டது.

சொத்துக்கு வருவோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் முதல் வகுப்பு வாரிசுகள். தகப்பன் இரண்டாம் வகுப்பு. அதாவது அந்த இரண்டு சென்டில் அக்காவுக்கு ஒரு பங்கு, பையனுக்கு ஒரு பங்கு, மாமியாருக்கு ஒரு பங்கு. மாமனாருக்கு ஒன்றுமில்லை. திருமணம் செல்லாது என்றே வைத்துக்கொண்டாலும், அதில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் சொத்தில் உரிமை உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரவேண்டிய பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அதனால்தான் "பங்கு கிடையாது" என்று யாரும் வாதாடுவதில்லை. "கல்யாணமே நடக்கவில்லை" என்கிறார்கள். கல்யாணம் இல்லை என்றால் மருமகள் இல்லை, பேரன் இல்லை, அவர்கள் குடும்பத்துக்குச் சாதி மறுப்புத் திருமணம் என்ற 'களங்கமும்' இல்லை. மனைக்கும் ஆசை, சாதிக்கும் காவல். ஒரே பொய்யில் இரண்டும் நடக்கிறது.

அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? ஈ.எஸ்.ஐ. அட்டை. அதில் மனைவி, மகன் என்று பெயர் இருக்கிறது. பையனின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் இருக்கிறது. பல ஆண்டு ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்களைக் கணவன் மனைவியாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இவற்றை வைத்து வழக்குப் போட்டிருக்கிறார். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். இது அவருக்குத் தெரியவே ஆறு மாதம் ஆனது. அதுவரை வட்டிக்கு வாங்கிச் செலவு செய்துகொண்டிருந்தார்.

நாம் தோழர்கள் கல்யாணத்துக்குப் போகிறோம், பறை அடிக்கிறோம், போட்டோ போடுகிறோம். நல்லதுதான். ஆனால் மறுவாரமே அவர்களைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டியதும் நம் வேலை. இருவரில் ஒருவர் கிறித்தவரோ இஸ்லாமியரோ என்றால் 7ஏ பொருந்தாது, 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்யலாம். நம் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். பி.எஃப். நியமனத்தில் பழைய பெயரே கிடக்கிறதா என்று கேளுங்கள். சாட்சிக் கையெழுத்து கேட்டால் நழுவாதீர்கள்.

அக்காவின் கல்யாணத்தில் இருந்த ஏழு நண்பர்களில் சாட்சி சொல்ல இதுவரை வந்திருப்பது இரண்டு பேர். மீதி ஐந்து பேரையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.