கருஞ்சதுரத்தின் அடியில்

  

அருவ ஓவியம் எதிலிருந்து பிறந்தது? துறை நண்பர்கள் தரும் விடை உங்களுக்குத் தெரியும்: கருத்து முன்னே வந்தது, தூரிகை பின்னே போனது. காண்டின்ஸ்கி கலையின் ஆன்மிகம் பற்றி எழுதிய நூல் 1911 இறுதியில் வெளிவந்ததைக் காட்டுவார்கள். மோந்திரியான் 1909இல் பிரம்மஞான சபையில் சேர்ந்ததைச் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் படம் புத்தகத்தின் விளக்கவுரை என்ற முடிவை நான் என்றுமே ஏற்றதில்லை. ஏன் என்பதற்கு ஒரே ஒரு படம் போதும்.

1915 டிசம்பர், பெத்ரோகிராத். '0,10' என்ற கண்காட்சியில் ருஷ்ய ஓவியர் மலேவிச் 39 படங்களை வைத்தார். அவற்றுள் ஒன்றைச் சுவர்கள் கூடும் மேல் மூலையில் மாட்டினார். ருஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் இருக்கும் இடம் அது. 'சிவப்பு மூலை' என்பார்கள். நம் 'செம்மை' போலவே அந்தச் சொல்லிலும் சிவப்போடு அழகும் சேர்ந்திருந்தது. பக்கத்துக்கு 79.5 செ.மீ. உள்ள துணி, நடுவே கறுப்பு. நாம் 'கருஞ்சதுரம்' என்கிறோம். கண்காட்சிப் பட்டியலில் அதன் பெயர் 'நாற்கரம்'. அதுவே சரி, பக்கங்கள் துல்லியமான சதுரமாக இல்லை. அளவுகோல் இட்ட கோடல்ல, கை இட்ட கோடு.

அந்த மூலையே ஆன்மிகத்துக்குச் சான்று என்பார்கள். மூலை, படம் முடிந்த பின் தேர்ந்த இடம். படம் எப்படி வந்தது என்பதைத் துணியிடம்தான் கேட்க வேண்டும். கறுப்பில் விழுந்த வெடிப்புகளினூடே வேறு வண்ணங்கள் தெரிகின்றன. 2015இல் மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சியகம் வெளியிட்ட ஆய்வு, அடியில் இரண்டு படங்கள் இருப்பதைச் சொன்னது. முதலாவது கியூபிசமும் எதிர்காலவாதமும் கலந்தது. அதன்மேல், மலேவிச் தன் அருவப் பாணிக்கு இட்ட பெயரான சுப்ரமாட்டிசத்தை நெருங்கும் மற்றொன்று. அதற்கும் மேலேதான் கறுப்பு. போர்க்காலத்தில் துணித் தட்டுப்பாடு என்று மறுப்பார்கள். தட்டுப்பாடு பழைய படத்தை மூடச் செய்யும். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட ஒரு படி தள்ளி நிற்பதை அது விளக்காது. மலேவிச் அந்தத் துணியின் மேலேயே தேடிக்கொண்டிருந்தார்.

ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். இப்படத்துக்கு அவரே 1913 என்று தேதியிட்டார். அவ்வாண்டு 'சூரியன் மீது வெற்றி' என்ற இசைநாடகத்துக்கு அவர் வரைந்த திரை ஓவியங்களில் கறுப்பின் முன்சாயல் உண்டு. கருத்து அன்றே முழுமை பெற்றிருந்தது என்பது நண்பர்களின் வாதம். ஆனால் 1915இல் அந்நாடகத்தின் இசையமைப்பாளர் மத்யூஷினுக்கு அவரே எழுதுகிறார்: அன்று அறியாமல் செய்தது இன்று பலன் தருகிறது என்ற பொருளில். இதைவிட நேரான சாட்சியம் எனக்கு வேண்டாம். கை செய்தது, இரண்டாண்டு கழித்து மனம் கண்டுகொண்டது.

மோந்திரியானின் மரங்களையும் இப்படியே வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கிளைகள் கோடுகளாவது படத்துக்குப் படம் தெரியும். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா ஆப் கிளிண்ட் 1906இலேயே அருவப் படங்களைத் தொடங்கிவிட்டார். கருத்து முன்னே சென்றதாகத் தோன்றும் அவர் என் வாதத்துக்கு உண்மையான சோதனை, அதற்குத் தனிச் சொற்பொழிவு வேண்டும்.

இளைய ஆய்வாளர்களுக்கு இரண்டு வேலைகள். அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் எழுதிய 'எண்ண வடிவங்கள்' நூலின் படங்களைக் காண்டின்ஸ்கியின் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பிரம்மஞான சபையின் தலைமையகமான அடையாறு நமக்கு அருகில்தான் இருக்கிறது. அடுத்து, '0,10'க்கு ஒரு மாதம் முன்பே, 1915 நவம்பரில், உக்ரைனின் வெர்பிவ்கா கிராமத்துப் பெண்களின் பூத்தையல் மாஸ்கோவில் காட்சிக்கு வந்தது. அதில் மலேவிச்சின் வடிவங்களும் இருந்தன. அந்த ஊசிகளிலிருந்து தொடங்க முன்வருபவருக்கு என் குறிப்பேடுகளைத் தருகிறேன்.