கதை நம்முடையது, முகம் யாருடையது?



1968-இல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் குடுமியோடு தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்தவர் மெஹ்மூத். கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பு கொட்டகையோடு நிற்கவில்லை. பட்டறையிலும் ரயில் பெட்டியிலும் ‘மதராசி’ என்று நம் பின்னாலேயே வந்தது.

இந்த வலி நமக்கு மட்டுமல்ல. மணிப்பூர்க் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமின் வாழ்க்கை 2014-இல் படமானபோது, மேரி கோமாக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. வடகிழக்குப் பெண்ணின் கதை வேண்டும், முகம் வேண்டாமா? ‘பெரிய பெயர் இருந்தால்தான் போட்ட பணம் திரும்பும்’ என்கிறார்கள். வாய்ப்பே கொடுக்காவிட்டால் பெயர் எங்கிருந்து வரும்?

நம் வீட்டையும் கேட்போம். 2021-இல் ‘ஜெய் பீம்’ இருளர் துயரத்தை ஊரறியச் சொன்னது, பாராட்டுகிறோம். செங்கேணியாக நடித்தவர் கேரளத்து லிஜோமோல் ஜோஸ். அவர் நடிப்பில் குறையில்லை. இருளர் பெண்ணுக்கு அந்த வாசல் எப்போது திறக்கும் என்பதே நம் கேள்வி.

நாம் கேட்பது சலுகையல்ல. எந்த மக்களின் கதையோ, அவர்களை முதலில் தேர்வுக்கு அழையுங்கள், பயிற்சி கொடுங்கள், வேலைக்கேற்ற கூலி கொடுங்கள்.

கதை எங்களுடையது என்றால், வேடமும் கூலியும் எங்களுக்கும் உரியதே!