கையுறை கேட்கும் கேள்வி

(செவிலியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் நாடக மேடையில் வளர்ந்தவன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு மேடையே கல்லூரியாயிற்று. கொட்டகையில் குழுமிய மக்களே ஆசிரியர்களாயினர். நாடகம் நடக்கும் இடத்துக்கும் அரங்கம் என்று பெயர். அறுவை மருத்துவம் நடக்கும் இடத்துக்கும் அரங்கம் என்றே பெயர். பெயர் ஒன்று, பிழைக்குத் தரும் விலையோ வேறு! என் அரங்கத்தில் செத்து வீழ்ந்தவன், திரை விழுந்ததும் எழுந்து தேநீர் கேட்பான். அந்த அரங்கத்தில் வீழ்ந்தவர் எழுவதில்லை.

அங்கே மருத்துவர் கை நீட்டுமுன் கத்தியை எடுத்து வைப்பவள் செவிலி. கத்தரி எத்தனை, இடுக்கி எத்தனை, ஊசி எத்தனை, பஞ்சுத் துணி எத்தனை என்று, கீறுமுன் ஒருமுறையும் தைத்து மூடுமுன் மறுமுறையும் எண்ணுபவள் அவள். ஒருத்தி எண்ண, மற்றொருத்தி சரிபார்க்க, “கணக்குச் சரி” என்ற சொல் வந்த பிறகே வயிறு மூடப்படும். அந்தக் கணக்கில் ஒரு துணி குறைந்தால், குறைந்த துணி நோயாளியின் குடலருகே கிடக்கும், சீழாகும், சில வேளை சாவாகும்!

இத்தனை பெரிய பொறுப்பைத் தாங்கும் கைகளைக் காக்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் எண்ணினார். அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகர், ஜான்சு ஆப்கின்சு மருத்துவமனை. 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலம். கரோலின் ஆம்ப்டன் என்ற அறுவை அரங்கச் செவிலியின் கைகள், கிருமி கொல்லும் பாதரச நீரில் தோய்ந்து தோய்ந்து வெந்து போயின. வில்லியம் ஆல்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், மெல்லிய இரப்பர்க் கையுறை செய்து தருமாறு குட்இயர் இரப்பர் நிறுவனத்தைக் கேட்டார். நோயாளிக்காக அல்ல, தமக்காகவும் அல்ல, ஒரு செவிலியின் தோலுக்காகவே அந்த அரங்கத்தில் கையுறை நுழைந்தது! பின்னரே உலகம் உணர்ந்தது, அதே கையுறை நோயாளியையும் நோய்த் தொற்றிலிருந்து காக்கிறது என்று. செவிலியைக் காத்தது சிகிச்சையைக் காத்தது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

கைக்கு உறை தந்தோம். கண்ணுக்கு என்ன தந்தோம்? உறக்கம் தந்தோமா? ஓய்வு தந்தோமா?

எனக்கு அக்காள் முறை ஆகும் ஒருவர் அறுவை அரங்கச் செவிலி. ஊரைச் சொல்லேன், மருத்துவமனையைச் சொல்லேன். இரவுப் பணி முடிந்தது. மாற்றுப் பணியாள் வரவில்லை. அவசரப் பிரசவம் ஒன்று வந்தது. மீண்டும் அரங்கில் நின்றார். தாயும் சேயும் பிழைத்தனர். கருவிகளை ஒதுக்கும்போது கண் ஒரு நொடி செருகியது. குருதி படிந்த ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஏறியது. இருபத்தெட்டு நாள் மாத்திரை. மாதக் கணக்கில் குருதிச் சோதனை. தன் குழந்தையை முத்தமிடவும் அஞ்சிய இரவுகள்! மேலிடம் கேட்ட கேள்வி: “ஏன் கவனமில்லை?” கேட்காத கேள்வி: “எத்தனை மணி நேரம் விழித்திருந்தாய்?”

அந்தக் கேட்காத கேள்விக்கு அறிவியல் விடை தந்துவிட்டது. 1997ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர் டாசனும் ரீடும் அளந்து காட்டினர்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி லிட்டர் குருதியில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பாகும். நம் மோட்டார் வாகனச் சட்டமோ 30 மில்லிகிராமைத் தாண்டினாலே ஓட்டுநரைத் தண்டிக்கிறது! வண்டி ஓட்டுபவனை வழிமறித்து ஊதச் சொல்லும் நாட்டில், உயிர் காப்பவளின் உறக்கத்தை அளப்பார் யார்? பன்னிரண்டரை மணி நேரமும் அதற்கு மேலும் பணியாற்றும் செவிலியர் தவறிழைக்கும் வாய்ப்பு மும்மடங்காகிறது என்று 2004ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று கூறியது. தவறு விரலில் அல்ல தோழர்களே, பணிப் பட்டியலில்!

“செவிலியர் தேவதைகள்” என்று புகழ்வோர் உண்டு. எச்சரிக்கையாக இருங்கள்! தேவதைக்குப் பசியில்லை, உறக்கமில்லை, ஊதிய உயர்வும் இல்லை. 2017ஆம் ஆண்டு நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர் சென்னையில் திரண்டு பணி நிரந்தரம் கேட்டனரே, அன்று அந்தத் தேவதைகளின் மாத ஊதியம் 7,700 ரூபாய்! அவர்களுக்குத் தேவதைப் பட்டம் வேண்டாம். தொழிலாளி என்ற பட்டம் போதும். அதற்குரிய உரிமை வேண்டும்.

1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் திருநாள் கொண்டாடினார். ஆலைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை கேட்டெழுந்த நாள் அது. ஆலையில் பஞ்சு நூற்பவருக்கு உள்ள அந்த நியாயம், அரங்கில் பஞ்சு எண்ணுபவருக்கு இல்லையா?

எனவே கேட்கிறோம். இரவுப் பணிக்குப்பின் கட்டாய ஓய்வு. பணி நேரத்துக்கு மீறவொண்ணா எல்லை. காலி இடங்களில் நிரந்தர நியமனம். ஊசி குத்தினால் அஞ்சாமல் சொல்லும் உரிமை, சொன்னவருக்குத் தண்டனையன்று, சிகிச்சை!

நாளை நீங்கள் மருத்துவமனை செல்லும்போது, சிடுசிடுத்த செவிலியைக் கண்டு சினவாதீர்கள். “அம்மா, உறங்கி எத்தனை மணி நேரமாயிற்று?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஊர்க் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள்; சட்டமன்றத்தின் செவி வரை கொண்டு செல்லுங்கள்.

ஒரு செவிலியின் தோலுக்காகக் கையுறை பிறந்தது. அவள் உயிருக்காக ஒரு சட்டம் பிறக்கட்டும்!