ராலிக்குப் போகும் வண்டியின் உட்புறம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேச வேண்டிய மேடையில் இரும்புக் குழாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. நம் காலனி இளைஞர் சிலர் வீட்டுக் காரையே மோட்டார் ராலிக்கு ஆயத்தம் செய்ய முனைந்திருக்கின்றனர். பெற்றோர் சிலர் அதனால் உறக்கமிழந்திருக்கின்றனர். இரு சாராரும் என்னிடம் வந்து முறையிட்டமையால் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

1911-ஆம் ஆண்டு மான்டி கார்லோவை நோக்கி நடந்த முதல் ராலியில், வண்டியின் அழகையும் பயணிகளின் சௌகரியத்தையும் கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களாம்! இன்றைய ராலி வண்டியிலோ சௌகரியம் என்று சொல்லத்தக்கவை யாவும் முதலில் கழற்றப்படுகின்றன. என் தமையனார் மகன் பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கி, பின்னிருக்கை, தரைவிரிப்பு, உள்ளுறை என ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பரணில் ஏற்றியபோது, "வண்டியை வாங்கினானா, உரித்தானா?" என்று மன்னி கேட்டார். நியாயமான கேள்விதான். தீப்பற்றக்கூடியதும், எடையைக் கூட்டுவதும், அடியிலுள்ள துருவை மறைப்பதும் அந்த விரிப்புகளே என்பதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

கழற்றுவது எளிது. பொருத்துவதிலேதான் விஷயம் இருக்கிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காதிருக்க ரோல் கேஜ் எனும் எஃகுக் கூண்டு வேண்டும். உலகக் கூட்டமைப்பாகிய எப்.ஐ.ஏ.வின் விதிப்படி, அதன் முதன்மை வளைவு தையலில்லாத எஃகுக் குழாயால் ஆனதாயிருத்தல் வேண்டும். விட்டம் 45 மில்லிமீட்டரானால் சுவர்க்கனம் 2.5, 50 ஆனால் 2.0 இருக்க வேண்டும். நாற்காலி செய்யும் குழாயைக் காட்டி "இதுவும் இரும்புதானே, ஸார்" என்றார் ஒரு பட்டறைக்காரர். இரும்புதான்; ஆனால் நெடுகிலும் ஒட்டுத் தையல் உள்ளது. கூண்டின் பாதம் ஊன்றும் இடத்திலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட தகடு வேண்டும். அஃதின்றேல், தகரம்போன்ற தரையைக் குழாய் குத்திக்கொண்டு இறங்கிவிடும். கூண்டு இருந்தும் பயனில்லை.

எங்கள் தவறு வேறிடத்தில் நேர்ந்தது. நல்ல விலை கொடுத்துப் பந்தய இருக்கை வார்களை வாங்கி, தோள்வார்களை இருக்கைக்குப் பின்னே தரையில் செங்குத்தாக இறக்கிப் பூட்டினோம். இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை, மகிழ்ந்தோம். போட்டிக்கு முதல் நாள் பரிசோதகர் அதை ஒரே பார்வை பார்த்து, வண்டியைப் புறப்பட விடமாட்டேன் என்றார். தம்பி மகனுக்குக் கோபம், எனக்கு வெட்கம். தோள்வார் இருக்கை முதுகின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும்போது, கிடைமட்டத்தினின்று 45 பாகைக்கு மேல் கீழிறங்கலாகாது. 10 பாகைக்குள் இருத்தல் நன்று. ஏனெனில், மோதலில் உடல் முன்னே பாயும்போது, செங்குத்தாக இறங்கும் வார் தோளைப் பின்னுக்குப் பிடிப்பதற்குப் பதிலாகக் கீழே அழுத்தி, முதுகெலும்பை நசுக்கும். காக்க வந்த வாரே முதுகை ஒடிக்கும்! முப்பது ஆண்டு இயந்திரங்களோடு பழகிய எனக்கு இது தோன்றவில்லை. அன்றிரவு கூண்டில் குறுக்குக் குழாய் ஒன்றைச் சேர்க்க வசதி கிட்டாமையால் அப்போட்டியை இழந்தோம். கட்டிய பணமும் போயிற்று. அந்தப் பரிசோதகரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பந்தய இருக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துப் புட்டியைப் போல் இவற்றிற்கும் காலாவதி உண்டு. 8855-1999 என்ற தரக்குறி பெற்ற இருக்கைக்குச் செய்த நாளிலிருந்து ஐந்தாண்டே ஆயுள். பளபளப்பைப் பாராதீர்கள், சீட்டைப் படியுங்கள்.

தீயணைப்புக் குப்பியை உலோகப் பட்டைகளால் இறுக்க வேண்டும். அப்பிணைப்பு புவியீர்ப்பின் 25 மடங்கு வேகத்தடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. இரண்டு கிலோ மருந்து மட்டுமே அந்நொடியில் 50 கிலோவாய் இழுக்கும். கட்டாத பொருள் எதுவும் எறிகுண்டுதான். மன்னி அன்போடு வைத்தனுப்பிய புளியோதரை எவர்சில்வர் டப்பாவும் அதற்கு விலக்கன்று. அதையும் வலையிட்டுக் கட்டினோம். வார் அறுக்கும் கத்தி இரண்டு, வாரைப் பூட்டி அமர்ந்தபடியே ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் எட்டுமாறு இருக்க வேண்டும். மின்னோட்டத்தை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் துண்டிக்க விசை வேண்டும்.

இனிப் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி: அதே வண்டியில் வார நாள்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாமா? கூடாது, கூடவே கூடாது. ராலியில் தலைக்கவசம் உண்டு. கடைத்தெருவுக்குப் போகும்போது கிடையாது. சிறு மோதலிலும் வெறுந்தலை எஃகுக் குழாயில் இடிக்கும். மேலும், பதிவுச் சான்றில் கண்டவற்றினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கையும் அச்சான்றில் உள்ளதே!

ஆகையால் வீட்டு வண்டி ஒன்றே உடைய இளைஞர்களுக்கு வேறு வழி சொல்கிறேன். காலம், வேகம், தூரம் இவற்றைக் கணக்கிட்டு ஓட்டும் டி.எஸ்.டி. ராலி என ஒரு வகை உண்டு. 1999-இல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயாவிலும் வேகப் பிரிவோடு இவ்வகைப் பிரிவும் இருந்தது. முந்துவது இதில் குற்றம். குறித்த நேரத்திற்கு முன்னே சென்றாலும் தண்டம். பெரும்பாலும் கூண்டு வேண்டா; வண்டியிலுள்ள வாரும், கடிகாரமும், கணக்கில் வல்ல ஒரு துணையும் போதும். நம் காலனியில் கணக்குக்கா பஞ்சம்? அவ்வப் போட்டியின் துணைவிதிகளை மட்டும் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். தகப்பன்மாரும் உடனமர்ந்து படிக்கலாம்.

திருத்தியமைத்த ஜிப்ஸியை இழுவண்டியில் ஏற்றி வந்து மண்டபத்தின் பின்புறம் நிறுத்தியிருக்கிறோம். சிற்றுண்டிக்குப் பின் வந்து பார்க்கலாம். ஏறி அமர விரும்புவோர் தலையைக் குனிந்து ஏறவும். மேற்குழாயின் மெத்தை இன்னும் முழுதும் ஒட்டி முடியவில்லை.