கணக்கில் வராத செலவு



ஜோகூரின் பண்டார் தெங்காரா வட்டாரத்தில் லிங்கியூ நீர்த்தேக்கம் இருக்கிறது. 1990இல் ஜோகூரும் சிங்கப்பூரும் செய்த ஒப்பந்தப்படி கட்டப்பட்டது. வறட்சியில் ஜோகூர் ஆற்றுக்குத் தண்ணீர் விட்டு, கீழிருந்து ஏறிவரும் கடல்நீரைத் தள்ளிவைப்பது இதுதான்.

கட்டுமானச் செலவைச் சிங்கப்பூர் ஏற்றது. நிலத்தை நிரந்தரமாக இழப்பதற்கும், வெட்டுமரம் போன்ற வருமானம் போவதற்கும் 320 மில்லியன் ரிங்கிட் இழப்பீடும் தந்தது. இழப்புக்கு விலை வைத்தது நல்ல முன்மாதிரி. ஆனால் சந்தையில் விற்கும் மரத்துக்கு விலை சொல்வது சுலபம். மழையைப் பிடித்துவைக்கும் மண்ணுக்கும், யானை நடமாடும் காட்டுக்கும் விலைச்சீட்டு கிடையாது. விலையில்லாததைப் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் தவறு.

இதே தவறு நீர்த்தேக்கத்துக்கு முன்பும் நடந்தது. 1972இல் தென்கிழக்கு ஜோகூரை மேம்படுத்தக் கெஜோரா வாரியம் அமைந்தது. காடு திருத்திச் செம்பனை நட்டார்கள். பண்டார் தெங்காரா பிறந்தது. குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு மலேசியாவில் கட்டாயமானது 1988 ஏப்ரலில்தான். அதற்குமுன் ஆற்றுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கச் சட்டம் கேட்கவில்லை.

கணக்கில் எழுதாத செலவு பிறகு வேறு வாசல் வழியாக வருகிறது. 2019 ஏப்ரலில் ஜோகூர் ஆற்றில் அம்மோனியா கூடியது. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று, வீடுகளில் குழாய் வறண்டது. அசுத்தத்தை ஆற்றில் விட்டவர் கணக்கில் அது செலவே இல்லை. தண்ணீர் வாங்கிய குடும்பத்துக்கோ செலவு.

இன்னொரு நுட்பம் உண்டு. எதிர்கால இழப்பைத் திட்டக்காரர்கள் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்து மதிப்பிடுவார்கள். 10 சதவீதம் கழித்தால், ஐம்பது ஆண்டு கழித்து வரும் 100 ரிங்கிட் இழப்பு இன்றைக்கு வெறும் 85 காசு. 3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 23 ரிங்கிட். ஒரே ஆறு, ஒரே சேதம். விகிதம் மாறினால் தீர்ப்பே மாறுகிறது. பேரப்பிள்ளைகளின் தண்ணீரை 85 காசுக்கு மதிப்பிடுவது நியாயமில்லை.

விரிவான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அடுத்த முறை போய்ப் பாருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: ஆற்றின் சேதத்துக்கு என்ன தொகை போட்டீர்கள்? எந்த விகிதத்தில் கழித்தீர்கள்? அதை யார் கட்டுவார்கள்? பதில் இல்லாத திட்டத்தை லாபம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.